யாரும் திறக்காத பெட்டி

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலமாகவே இருக்கிறேன்.

அவர் போனபின் இந்த வயதில் தூரதேசத்தில் என்ன வேலை என்று கேட்டாயே, கேள். இந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கோப்புகள் என் பொறுப்பு. தினமும் பகலில் அவற்றை நகல் எடுக்கும்படி ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு நேரம் குறித்திருக்கிறார்கள். திங்களன்று ஒரு நகலைத் தேடினேன். ஒரு வருடத்துக்கும் மேலாக எதுவுமே நகலாகவில்லை. மூலக் கோப்புகள் பழுதாகியிருந்தால் அத்தனை பேரின் மருந்துக் குறிப்பும் போயிருக்கும்.

"தப்பு நடந்தா அது சொல்லாதா?" என்று கம்ப்யூட்டர்காரரைக் கேட்டேன்.

"சொல்லியிருக்கும்மா. யார்கிட்டன்னுதான் தெரியல."

தேடினார். அந்த இயந்திரத்துக்குள்ளேயே யாரும் திறக்காத ஓர் அஞ்சல் பெட்டி இருந்தது. அதில் நானூற்றுப் பதினொரு கடிதங்கள். எல்லாவற்றிலும் ஒரே வரி: நகல் வைக்க இடமில்லை. அக்கா, அந்த இயந்திரம் படிப்பாரில்லாமல் ஒரு நாள்கூடத் தவறாமல் எழுதியிருக்கிறது. நம் கான்வென்ட் சிஸ்டர்களிடம்கூட இந்த ஒழுங்கை நான் கண்டதில்லை.

இடம் ஒதுக்கி எல்லாம் நகலாகிவிட்டது, கவலைப்படாதே.

"இனிமே லெட்டர் யார் பேருக்கு வரணும்?" என்றார்.

"என் பேருக்கு. ஒழுங்கா முடிஞ்சாலும் ஒரு வரி வரணும்."

"சரிங்க ஹெட்மிஸ்ட்ரஸ்," என்று சிரித்தார்.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பு. உன் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று எழுது. சரியாக இருந்தாலும் எழுது. அவசரமாக முடிக்கிறேன், இன்றைய கடிதம் வந்திருக்கும்.

உன் தங்கை