உன் ஒரு வரியில் ஓடும் லிஃப்டுகள்

ஆபீஸ் ஏர்கானின் குளிர் தாங்காமல் இன்று உன் ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டேன். நீ போன பிறகும் அது உன் நாற்காலி முதுகிலேயே கிடந்தது. காலரில் இன்னும் தைல வாசனை.

இரண்டு எண்களில் பெரியது எது என்று சொல்லும் அந்தக் குட்டி மேக்ரோ, அந்த ஒற்றை வரி நிரல், நினைவிருக்கிறதா? நம் லிஃப்ட் நிரலில் ஏறக்குறைய எல்லாக் கோப்புகளின் தலையிலும் அதே வரி. அது இருக்கவேண்டிய பொதுக் கோப்பில் கை வைத்தால் எல்லா லிஃப்ட் மாடல்களையும் திரும்பச் சோதிக்க வேண்டும். கை வைத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயத்தில் ஆளாளுக்கு நகலெடுத்து ஒட்டிக்கொண்டோம். "தொடாத லா. தொட்டா உன் தலையிலதான் விடியும்" என்பாய்.

தொடச் சொன்னது நம் மேனேஜர்தான். "இந்த டூப்ளிகேட் எல்லாம் கிளீன் பண்ணிக் குடுத்துட்டு தாராளமா போங்கக்கா" என்றார். கிள்ளானில், வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியில் எனக்கொரு வேலை காத்திருந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சோற்றுக்கு முன் உட்கார்ந்து நாம் எத்தனை முறை ராஜினாமா செய்திருப்போம்!

"தீபாவளி முடியட்டும், ரெண்டு பேரும் ரிசைன் பண்ணிடுவோம்."

"போன தீபாவளிக்கும் இதத்தான் சொன்ன."

"போன தடவ போனஸ் வந்துச்சே டி!"

நகல்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தேன். எல்லாம் ஒரே மாதிரி. உன் கோப்பில் இருந்தது மட்டும் வேறு. மற்றவை, பெரியது எது என்று பார்க்க, லிஃப்டின் உயரத்தைச் சொல்லும் சென்சாரை ஒருமுறையும், விடையைச் சொல்ல இன்னொரு முறையும் கேட்கும். ஓடும் லிஃப்டில் இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றாக இருக்காது. உன்னுடையது ஒரே முறை கேட்டு, வாங்கி வைத்துக்கொண்டு ஒப்பிட்டது.

அப்போதுதான் ரவாங் அடுக்குமாடி ஞாபகம் வந்தது. அங்கே லிஃப்ட் தரைக்கு ஒரு விரல் கீழே நின்றதால், நாள் முழுக்க அதிலேயே ஏறி இறங்கினாய். "நான் இப்ப எந்த மாடில இருக்கேன்னே தெரியல டி" என்று போனில் சிரித்தாய். இந்த இரட்டைக் கேள்விதான் காரணம் என்று கண்டுபிடித்தாய், உன் கோப்பில் மட்டும் திருத்தினாய். பொதுக் கோப்பைத் தொடவில்லை. அதற்குள் உன்னை மருத்துவமனை பிடித்துக்கொண்டது, திருப்பித் தரவேயில்லை.

நான் தொட்டேன். உன் வரியைப் பொதுக் கோப்பில் வைத்து, மற்ற எல்லாவற்றையும் அழித்தேன். எல்லா மாடல்களும் சோதனையில் தேறின.

"சூப்பர்க்கா!" என்றார் மேனேஜர். கையோடு, "ஆனா இப்ப எல்லா லிஃப்டும் அந்த ஒரு வரியிலதான் ஓடுது. ஏதாச்சும் ஆச்சுன்னா யாரக் கேக்கறது? ஒரு வருஷம் இருந்து பாத்துக்குங்க" என்றார்.

கல்லூரி காத்திருக்கவில்லை. வேறு ஒருவரை எடுத்துக்கொண்டது.

உன் வரியில் குறையில்லை. எந்த லிஃப்டில் ஏறினாலும், இறங்கும்போது என் கால் தானாகவே தரையின் விளிம்பைத் தடவிப் பார்க்கிறது. ஒரு மயிரிழை பிசகுவதில்லை. காலையில் ஆபீஸ் லிஃப்டின் கதவு திறக்கிறது. மறுபடியும் இதே மாடி.