கமலா மாமியின் கடைசிப் போன் கோல்

நேயர்களுக்கு ஒரு முக்கிய அறிவித்தல்! லண்டன் நோர்பரியில் எங்கள் வீட்டு ரேடியோவின் ஏரியல் முறிந்து, அதன் இடத்தில் சட்டை கொழுவும் கம்பி ஒன்று பதவியேற்றுள்ளது. உயிர்ச்சேதம் எதுவும் இல்லை.

அந்தக் கம்பியைத் திருப்பும்போதுதான் அங்கிள், உங்கள் மரண அறிவித்தல் கேட்டது. முன்னால் ஒரு சென்னைப் படப்பாட்டு, பின்னால் இன்னொன்று. நீங்கள் தொடங்கி நடத்திய லண்டன் தமிழ் ரேடியோவில் உங்களுக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

ஊரில், இலங்கை வானொலியில் அதிகாரியாக இருந்தபோதே, எங்கட கலைஞர்களுக்கு நேரம் ஒதுக்க வேணுமென்று மேலிடத்தோடு மல்லுக்கட்டியவராம் நீங்கள். இங்கேயும் அதே பிடிவாதம். ஒவ்வொரு மணித்தியாலத்திலும் பாதி நிகழ்ச்சி, இங்கே வாழும் சனம் செய்ததாக இருக்க வேணும் என்பது உங்கள் விதி. "இரவல் குரலில எவ்வளவு நாளைக்குக் கதைக்கிறது?" என்பீர்கள்.

இரவல் குரலில் நான் மன்னன். ஹவுன்ஸ்லோ கமலா மாமியாக உங்கள் ரேடியோவுக்குக் கோல் எடுத்து, ஃபிஷ் அண்ட் சிப்ஸ் ரசம் வைக்கச் சொல்லிக் கொடுத்தது நான்தான்.

"புளி எவ்வளவு மாமி?"

"வினிகர் இருக்கேக்க புளி என்னத்துக்குத் தம்பி?"

நீங்கள் சிரித்த சிரிப்பில் எங்கள் ரேடியோ இரைந்தது. ரேடியோக்காரரையே ஏய்த்தவன் என்று பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன்.

பிறகு ரேடியோவுக்குப் பணம் போட்ட முதலாளிமாருக்கு விளம்பரமும் பாட்டும் போதுமாயிற்று. வானலையில் நீங்களே சொன்னீர்கள்: "ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலம் லைன் திறந்திருக்கும். இந்த விதி வேணுமெண்ட ஆக்கள் சொந்தப் பேரோட எடுங்கோ. ஒருத்தரும் எடுக்காட்டி, இனி முழுக்கப் பாட்டுத்தான்."

சொந்தப் பேரோடு மூன்று பேர் எடுத்தார்கள். மூவரும் பாட்டுப் போடச் சொல்லித்தான் கேட்டார்கள். கேட்டதைப் போட்டீர்கள். விதி போனது, அடுத்த கிழமை நீங்களும் ரேடியோவை விட்டுப் போனீர்கள். இப்போது முழுக்கவே போய்விட்டீர்கள்.

அன்றைக்கு நானும் எடுத்தேன், லைன் கிடைக்கவில்லை என்றுதான் பெடியங்களிடம் சொல்லித் திரிகிறேன். பொய் அங்கிள். லைன் கிடைத்தது. மாமியின் குரலில் வணக்கம் சொன்னேன்.

"ராசா, இண்டைக்கு மாமி வேண்டாம். உன்ர குரலில, உன்ர பேரைச் சொல்லு" என்றீர்கள்.

முதல் நாளிலிருந்தே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஏமாந்தவன் நான்தான். போனை வைத்துவிட்டேன்.

இந்த மடலின் கீழேயும், கை கமலா மாமி என்றுதான் எழுதப் பார்க்கிறது.