மாமி சொன்ன ஆமென்

ஜூலை 7, திங்கள்
கச்சான் காற்று. துணி அரை மணித்தியாலத்தில் காய்ந்துவிட்டது, வீடெல்லாம் புழுதி. தெருவில் திரியும் மான்கள் வேலிக்குள் தலையை விட்டுச் செவ்வரத்தை மொட்டு முழுவதையும் தின்றிருக்கின்றன.

பின்னேரம் தங்கை ஜெனி. முழங்கைக்கு மேலே புதிய கண்டல். புருஷன் றொபின் மறுபடியும் அடித்திருக்கிறான். வியாழன் விடிய ஐந்தரை பஸ்ஸில் மகளோடு மட்டக்களப்புக்குப் போகிறாளாம், சினேகிதி வீட்டுக்கு. அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், இரண்டு உடுப்பு. அவ்வளவுதான்.

“ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதீங்க அக்கா.”

“எனக்கென்ன விசரே?”

8, செவ்வாய்
நாற்பது கொப்பி திருத்தியது. பல்வலி. கிராம்பு வாங்க வேண்டும்.

மெர்சியிடம் சொல்லிவிட்டேன். ஆசிரியர் அறையில் பதினெட்டு வருடம் பக்கத்துக் கதிரை. ஜெபத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லையென்று அவளுக்குத் தெரியும். இருந்தும், “ஜெபியும்” என்று கேட்டேன். பயம். தனியே வைத்திருக்க ஏலவில்லை.

“எனக்குள்ளேயே இருக்கும்” என்றாள்.

9, புதன்
மாதர் ஜெபக்கூட்டம். வழக்கமாகப் போவதில்லை, மெ. இழுத்துப் போனாள். பதினொரு பேர். முன்வரிசையில் றொபினின் தாய், எஸ்தர் மாமி. எல்லோரும் கண்ணை மூடியாயிற்று. மெ.யின் முறை.

“ஆண்டவரே, நாளைக்கு விடிய ஐந்தரை பஸ்ஸில மட்டக்களப்புக்குப் போற உம்முடைய மகளையும் அந்தச் சின்னப் பிள்ளையையும் காத்தருளும். புருஷனுடைய கண்ணுக்கு மறைத்தருளும்.”

பெயர் சொல்லவில்லை. இனிப் பெயர் எதற்கு?

எல்லோரும் ஆமென். மாமியின் ஆமென் மட்டும் சற்றுப் பிந்தி வந்தது.

நான் கண் திறந்தபோது மாமி கைப்பையோடு வாசலில்.

வெளியே மெ.யைப் பிடித்தேன். “ஆண்டவருக்கு பஸ் நேரமும் சொல்ல வேணுமோ?”

“குறிப்பாக் கேட்டாத்தானே குறிப்பாத் தருவார். நான் பேர் ஒண்டும் சொல்லேல்லையே!”

நடிப்பில்லை. உண்மையிலேயே அவளுக்கு விளங்கவில்லை.

ஜெ.யின் போன் வேலை செய்யவில்லை. ஒன்பது தரம் எடுத்தேன். வீட்டுக்கே போகலாமென்றால் அங்கே மாமி.

10, வியாழன்
ஐந்து மணிக்கே பஸ் நிலையம். ஜெ. வரவில்லை. வந்தது றொபின். மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி, பஸ் வெளிக்கிடும்வரை நின்றான்.

“என்ன மச்சாள், ஆரையும் வழியனுப்ப வந்தனீங்களோ?”

சிரிப்பு வேறு. பள்ளிக்கூடம் போய் என்ன படிப்பித்தேன் என்று நினைவில்லை.

11, வெள்ளி
மகளைக் கூட்டிப்போக ஜெ. பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள். அடையாள அட்டையை மாமி தன் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாவாம். போன் றொபினிடம்.

மெ.யைத் திட்டத் தொடங்கினேன். ஜெ. கையைக் காட்டி நிறுத்தினாள்.

“மெர்சி டீச்சரை விடுங்க. நான் உங்களுக்குத்தானே சொன்னனான்.”

சத்தம் போடவில்லை. பிள்ளையின் தண்ணீர்ப் போத்தலை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு நாளாக மனதுக்குள் மெ.க்குத்தான் யூதாஸ் என்று பெயர். கடைசி இராப்போசனத்தில், “உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான்” என்று இயேசு சொன்னபோது சீடர்கள் அடுத்தவனைக் கை காட்டவில்லை. ஒவ்வொருவரும் “நானோ, ஆண்டவரே?” என்று தன்னைப் பற்றித்தான் கேட்டார்கள். ஞாயிறு பள்ளியில் இதற்குப் பரிசுகூட வாங்கியிருக்கிறேன். ஊரில் எல்லோரையும் சந்தேகிக்கிற எனக்கு, என் வாயைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

13, ஞாயிறு
ஆராதனை. நற்கருணைக்கு எழும்ப மனம் வரவில்லை. மாமியும் றொபினும் பக்கத்தில் பக்கத்தில் முழந்தாளில். ஜெ.யைக் காணவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலாம்.

மத்தியானம் றொபின் வந்து கேற்றை உதைத்தான். “அவள் எங்க?” என்று வீட்டுக்குள் புகுந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்தான். கட்டிலுக்குக் கீழேயும். எனக்குத் தெரியாது என்றேன். வாழ்க்கையில் இவ்வளவு முழு உண்மை சொன்னதில்லை.

ஆறு மணிக்குத் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு.

“அக்கா, வந்து சேர்ந்திட்டம். அடையாள அட்டை இல்லாமத்தான். பிள்ளை நித்திரை.”

எங்கே என்று வாய் திறந்தேன்.

“கேக்காதீங்க.”

“சரி. சாப்பிட்டனியோ?”

அதற்கும் அவள் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.