சீசன் முடியாத கம்பெனி

ஜூலை 26, புதன்

காற்று. மண். கொத்தமல்லித் தூசி. வீடு முழுக்கத் தும்மல். அத்தாவின் கடைச் சட்டையை நான்தான் உதறினேன், கூலி ஏதுமில்லை.

அத்தா போட்ட கேஸில் கோர்ட்டுக்குக் கம்பெனி கொடுத்த பதிலைக் காசிம் அண்ணன் வாசித்துக் காட்டினான். சிரிப்பதா துப்புவதா தெரியவில்லை.

விஷயம் இதுதான், எனக்கே மறந்துவிடாதிருக்க. போன வருஷம் வெடிமருந்துச் சாமான் வாங்கக் காசில்லாமல் நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனி தவித்தது. அத்தா அவர்கள் எழுதிக் கொடுத்த புரோநோட்டு, அதாவது கடன் சீட்டு, பத்தை விலைக்கு வாங்கினார். அக்ரிமெண்டும் உண்டு. சீசன் கணக்கு முடிந்ததும் நோட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு, முதலும் லாபத்தில் ஒரு பங்கும் தரவேண்டும். அத்தா வட்டி வாங்க மாட்டார். வட்டி இல்லை என்பதால் தேதியும் போடவில்லை. தேதி போடுவது ஹராம் என்று எந்த ஹஜரத் சொன்னாரோ.

தீபாவளி போய் நோன்பும் போய்விட்டது. கம்பெனி இப்போது சொல்கிறது: வடக்கே ஏஜெண்டுகள் பணம் அனுப்பவில்லை, ஆகவே சீசன் முடியவில்லை. அதாவது போன தீபாவளி நாரணாபுரத்தில் இன்னும் நடக்கிறது. நாம்தான் கவனிக்காமல் எண்ணெய்ச் சட்டியை இறக்கிவிட்டோம்.

கம்பெனி முதலாளி அண்ணாச்சிக்கு நான் வைத்த பெயர் புஸ்வாணம். இனி பு. மை மிச்சம்.

ஜூலை 30, ஞாயிறு

வெயில். அம்மாவுக்குத் தலைவலி. காரணம் மாமு.

மாமு என்றால் அம்மாவின் கூடப்பிறந்தவர். நோட்டு வாங்க அத்தாவுக்குப் பாதிப் பணம் கொடுத்தவர். பதிலுக்கு நம் மல்லிக் கடையை எழுதி வாங்கிக்கொண்டவர். ஆவணி முடிவதற்குள் பணம் வராவிட்டால் கடை அவருக்கு. இன்றைக்கு வந்து கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்தாராம். அலமாரியை எங்கே வைக்கலாம் என்று யோசனை. அத்தா அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்தாராம்!

இன்று செய்த நல்ல காரியம்: கிழிக்காமல் கிடந்த போன வருஷ நாள்காட்டியில் தீபாவளித் தாளுக்கு முன்னால் இருந்ததையெல்லாம் கிழித்துவிட்டு, அட்டையோடு பொட்டலம் கட்டிக் கம்பெனிக்குத் தபாலில். “தங்கள் சீசனுக்கு ஏற்றது.” அனுப்பியவர் பெயர் இல்லை. ஸ்டாம்பு செலவு வலித்தது.

ஆகஸ்ட் 2, புதன்

கணக்குப் பரீட்சை. அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

சாயந்திரம் பு. வீட்டுக்கே வந்தார். கையில் தட்டு, வெற்றிலை, பழம். சமாதானம் பேச வந்தாராக்கும் என்று திரைக்குப் பின்னால் நானும் அம்மாவும்.

“பாய், நாளைக்கு ஆடிப் பதினெட்டு. புது சீசன் பூசை. நீங்க வந்து மொதச் சரக்கை வாங்கிப் போணி பண்ணித் தரணும்.”

அத்தா தட்டை வாங்கிக் கீழே வைத்தார். “நாம கோர்ட்டுல நிக்கோம், அண்ணாச்சி.”

“அது வக்கீலுக பாடு. கைராசி வேற, கேஸு வேற. கம்பெனி தொடங்குன நாள்லருந்து உங்க கைதான். மாத்துனா எனக்குத் தூக்கம் வராது.”

தூக்கம் வராதாம். நமக்கு வருகிறதே, அதுவரை சந்தோஷம்.

சர்பத் நான்தான் கலந்தேன். சர்க்கரைக்குப் பதில் உப்பு. முழு டம்ளரையும் குடித்துவிட்டு, நல்லா இருக்கு என்றார். வெடிமருந்தே தின்கிறவர் போல.

அவர் போனதும், போகாதீக என்று அம்மா. கூப்பிட்ட வீட்டுக்குப் போகாமல் இருக்கக்கூடாது என்று அத்தா. நம் வீட்டில் முதுகெலும்பு அம்மாவுக்கு மட்டும். அதுவும் தலைவலியோடு.

ஆகஸ்ட் 3, வியாழன்

அத்தா முதல் பஸ்ஸில் போனார். மதியம் வந்தார். கையில் ஒரு பெட்டி கம்பி மத்தாப்பு. காசு கொடுத்து வாங்கினாராம். நம் பணத்தை விழுங்கியவனுக்கு நம் பணத்தில் போணி. கல்வெட்டில் பொறிக்கலாம்.

சோறு தின்றுகொண்டே அங்கே நடந்ததைச் சொன்னார். பழைய பாக்கி வைத்துக்கொண்டு புதுப் போணி போட்டால் கம்பெனி விளங்காது என்று பு.வுக்குப் பயம். அதனால் கற்பூரம் ஏற்றுமுன் பேப்பர்க்காரர், வண்டிக்காரர், டீக்கடை வரைக்கும் கூப்பிட்டுப் பாக்கியைத் தீர்த்தாராம். டீக்கடைக்காரர் அரையணா குறைகிறது என்றதும் பூசையையே நிறுத்தி வைத்தாராம். நம் பாக்கி? கோர்ட்டில் இருப்பது கணக்கில் சேராதாம்.

அம்மா குழம்புக் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

“அப்ப பழைய சீசன் முடிஞ்சிருச்சுல்ல?”

காசிம் கையைக்கூடக் கழுவாமல் நம் வக்கீல் வீட்டுக்கு ஓடினான். அத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. மதித்துக் கூப்பிட்டவரை மாட்டிவிடுவதா என்று முகத்தைத் தொங்கப்போட்டார். கடை போனால் அந்த மதிப்பைத் தட்டில் வைத்துத் தின்னலாம்.

ஆகஸ்ட் 17, வியாழன்

தூறல். பள்ளிக்கூடத்தில் மனசே இல்லை. இன்று கோர்ட்.

காசிம் வந்து நடித்தே காட்டினான். கம்பெனி வக்கீல் (சரவெடி. நிறுத்தமே கிடையாது) ஒரு மணி நேரம் வடக்கத்தி ஏஜெண்டுகளைப் பற்றி அழுதாராம். அப்புறம் பு. கூண்டில். ஆடிப் பதினெட்டுக்குப் போணி போட்டது உண்டா என்று நம் வக்கீல். உண்டு. யார் கையால்? பாய் கையால். இதோ நிற்கிறாரே என்று காட்டவும் செய்தாராம். சரவெடி கண்ணைக் காட்டுகிறார், கனைக்கிறார், செருமுகிறார். சும்மா சாமி கும்பிட்டோம் என்று ஒரு வார்த்தை போதும். தப்பித்திருப்பார்.

“பழைய சீசன் கணக்கை முடிக்காமப் புதுப் போணி போட்டீகளா?”

பு. வேர்த்து வடிய நின்றாராம். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தாராம்.

“எங்க கம்பெனில அந்தப் பழக்கம் கிடையாதுங்கய்யா. முடிச்சுட்டுத்தான் போடுவோம்.”

ஜட்ஜ் எழுதிக்கொண்டார். சரவெடி நமத்துப்போனார்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

ராஜி. தீர்ப்பு வரைக்கும் போகாமல் கம்பெனியே பணம் கட்டுகிறதாம், முதலும் பங்கும், இந்த ஆவணி முடிவதற்குள். மாமுவுக்கு ஆள் அனுப்பியாயிற்று. அலமாரியை அவர் தலையில் வைத்துக்கொள்ளட்டும்.

ராத்திரிச் சாப்பாட்டில் காசிம் மறுபடி பு. மாதிரி வேர்த்துக் காட்டினான். நானும் அம்மாவும் புரையேறச் சிரித்தோம். அத்தா மட்டும் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“கணக்கு முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நம்ம கடை போயிருக்கும், புள்ள. சொல்லத் தெரியாமலா நின்னாரு?”

பிறகு எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

பாவி மனுஷன். ஒரு பொய் சொல்லித் தொலைத்திருந்தால் நான் பாட்டுக்கு நிம்மதியாகத் திட்டிக்கொண்டே இருந்திருப்பேன். கடை போயிருக்கும்தான். ஆனாலும்.