செர்ரிக் கன்றுக்கு ஒரு வெண்வலை

என் அன்பு மகளே,

வாசலில் நீ நட்ட செர்ரிக் கன்றைக் கொல்லத் துணிந்துவிட்டது நம் குடியிருப்போர் சங்கம்! சின்சினாட்டி மண்ணைப் பிளந்துகொண்டு பதினேழாண்டுச் சில்வண்டுகள் கிளம்பிவிட்டன. பெண் வண்டு இளங்கிளையைக் கீறி முட்டையிடும். கீறிய கிளையின் நுனி கருகும். ஈராண்டுக் கன்று அதைத் தாங்குமா? ஆகவே உச்சி முதல் வலை போர்த்தி, அடித்தண்டோடு இறுகக் கட்டினேன். அதுதான் என் குற்றமாம்!

சங்கத் தலைவி டோரீன் அம்மையார் நேற்று வேலியருகே நின்று கூவினார்: "யோவ் வெண்டல், என்னய்யா இது, வாசல்ல பேயை நிக்க வெச்சிருக்கே? தெரு மானமே போகுது. சனிக்கிழமைக்குள்ள அவுத்துடு!"

"பூச்சியே பதினேழு வருஷம் மண்ணுக்குள்ள பொறுத்திருக்கு. அது ஓயற வரைக்கும் ஆறு வாரம் உனக்குப் பொறுக்க முடியலையா, டோரீன்?" என்றேன்.

"அது என்ன, கல்யாணத் துணியா?" என்று சிரித்தார்.

நான் குனிந்து அடித்தண்டின் முடிச்சை இன்னும் இறுக்கினேன்.

கடைகளில் வலை தீர்ந்துவிட்டது, மகளே. இந்த முற்றத்தில் நடக்காமல் வேறெங்கோ நடந்துவிட்ட உன் திருமணத்துக்காக உன் தாய் வாங்கிய வெண்வலைத் துணி, பரணில் பிரிக்கப்படாமலே கிடந்தது. அதைத்தான் போர்த்தினேன்.

சனிக்கிழமை சங்கத்தார் கத்தரிக்கோலுடன் வரட்டும். கன்றின் முன் நான் நிற்பேன். நீயும் உன் கணவர் மார்கஸும் என் பக்கத்தில் வந்து நின்றால், இம்முறை எவரையும் வெளியே போகச் சொல்லமாட்டேன்.

உன் தந்தை