கேரவனில் தாய்மாமன்

மே 1, வியாழன்

காலையிலேயே கொளுத்தும் வெயில். தொழிலாளர் தினம், எல்லாருக்கும் லீவு. கேரவன் வாசலில் நிற்கிறது. பஸ்ஸைவிடச் சின்னது. உள்ளே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் உண்டு. எதிர்வீட்டு லெட்சுமி மூன்று தடவை எட்டிப் பார்த்தாள். நன்றாகப் பார்க்கட்டும்.

எடுத்து வைத்தவை: இட்லி மாவு. ரசப்பொடி. நெத்திலி சம்பல் ஒரு போத்தல். என் மாத்திரை. தைலம். கம்பளி, ஏர்கானை நம்ப முடியாது.

ஏற்பாடு பேத்தி யமுனாவுடையது. வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். அதற்குள் குடும்பத்தோடு ஊர் சுற்ற வேண்டுமாம். அவள் காதில் போட்டது யார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ரப்பர் தோட்டப் பள்ளியில் ஐந்தாவதோடு நின்ற நான் போட்ட திட்டம் இது.

ஓட்டுவது என் மகன் சேகர். லோரிக்காரன், பாச்சாங்கில் குடியிருக்கிறான். பெரிய வண்டி என்றால் அவன்தான். வாடகைக்கு எடுத்ததும் அவன் பேரில்.

பங்குனியிலிருந்து அவனுக்கும் அக்கா கமலாவுக்கும் பேச்சில்லை. தன் மகள் யமுனாவின் கல்யாணப் பத்திரிகையைத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள் கமலா. தாய்மாமனுக்கு! வெற்றிலை பாக்குத் தட்டோடு வீடு தேடிப் போய் முதலில் வைக்க வேண்டிய பத்திரிகை. கேட்டால், "அவன் என் கூடப் பொறந்தவன்மா. வீட்டுப் பிள்ளைக்கு எவளாச்சும் தட்டு தூக்கிட்டுப் போவாளா?" என்றாள். நான் திட்டிய பிறகு தட்டோடு போனாள். அவன் கேட்டைத் திறக்கவில்லை. கல்யாணத்துக்கும் வர மாட்டானாம். இப்போது இவளுக்கும் ரோஷம். யமுனா கெஞ்சியதால்தான் இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஏறச் சம்மதித்தார்கள்.

நான் இருப்பது கமலா வீட்டில், செலண்டாரில். சேகர் என்னைப் பார்க்க வந்தால் உள்ளே வருவதில்லை. கேட்டுக்கு வெளியே மோட்டோர் சைக்கிளில் உட்கார்ந்தபடி "அம்மா!" என்று கூவுகிறான், கீரை விற்கிறவன் மாதிரி.

மாமன் இல்லாமல் யமுனாவைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்து வருவது யார்? நான் உயிரோடு இருக்கும்போது அது நடக்காது.

டயருக்கு எலுமிச்சை வைத்துப் புறப்பட்டோம். கமலா பின் சீட்டில்.

"அம்மா, டிரைவர்கிட்ட சொல்லு, ஏர்கான் ரொம்பக் குளிருது."

"அம்மா, பின்னாடி இருக்கிற மேடம்கிட்ட சொல்லு, கம்பளி இருக்குன்னு."

யமுனா சிரிக்கிறாள். "பாட்டி, நீங்கதான்லா இங்க போஸ்ட் ஆபீஸ்."

மே 2, வெள்ளி

கடற்கரையில் வண்டி. மாலையில் நல்ல மழை, வெளியே போக வழியில்லை. நான்கு பேரும் ஒரே பெட்டிக்குள். முட்டி இடிக்கிறது. நல்லதுதான்.

காலையில் இட்லி. சம்பல் பாதி காலி. மாத்திரை மறந்தேன், மதியம் போட்டேன்.

சேகருக்குத் தடுமன். கமலா மிளகு ரசம் வைத்தாள். தட்டுச் சோற்றில் ஊற்றி என் கையில் கொடுத்தாள், நான் அவனிடம் கொடுத்தேன்.

"யாரு வச்சது?"

"நான்தான்."

"பொய் சொல்லாதம்மா. நீ வச்சா இவ்ளோ பூண்டு இருக்காது."

ஆனாலும் இரண்டாம் தடவை தட்டை நீட்டினான். கமலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவளுக்குத் தடுமன் கிடையாது.

மே 3, சனி

ஆயர் குரோ. முதலைப் பண்ணை. காற்றே இல்லை, சேலை முதுகில் ஒட்டுகிறது.

வெட்டிப் போட்ட மரம் மாதிரி கிடக்கின்றன. ஒன்று வாயைப் பிளந்தபடி அசையவே இல்லை. பொம்மை என்றேன், கண் சிமிட்டியது. யமுனா என்னை நிறுத்திப் படம் எடுத்தாள். கம்பீரமாக வந்திருக்கிறது. லெட்சுமிக்கு அனுப்பச் சொன்னேன்.

கமலா ஆரம்பித்தாள். "பாரும்மா, இது வாயத் தொறந்தா மூட மாட்டேங்குது. சில பேரு மூடினா தொறக்கிறதே இல்ல."

ஒரு பையன் கம்பு நுனியில் கோழியைக் கட்டி நீட்டினான். டப்பென்று சத்தம், கோழி இல்லை. சேகர் முதலையைப் பார்த்தே சொன்னான், "முதலைக்குக்கூட நேர்ல வந்துதான் போடுறாங்க. வாட்ஸ்அப்ல அனுப்பல."

யமுனாவுக்குச் சிரிப்பு. கமலாவுக்கு இல்லை. "நான் நேர்ல வரல? தட்டோட ரோட்டுல நின்னேன். கேட்டப் பூட்டிட்டு உள்ள டிவி பார்த்தது யாரு?"

நேருக்கு நேர் பேசிவிட்டாள். போஸ்ட் ஆபீசை மூடினேன். அவன் விறுவிறுவென்று வண்டிக்குப் போய்விட்டான்.

கார் நிறுத்துமிடத்தில் கமலாவைப் பிடித்தேன். "இந்த வண்டி யார் பேர்ல இருக்கு? சாவி யார்கிட்ட? மூணு நாளா அவன் தின்னுறது, தூங்குறது எங்க? அப்ப இது அவன் வீடு. நீ வெளியே நில்லு, விருந்தாளியா வா."

"அம்மா, எல்லாரும் பாக்குறாங்கம்மா."

"பாக்கட்டும். நீ அவன் கேட்டுல நின்னப்பவும் பாத்தாங்க."

வெற்றிலை, பாக்கு, மஞ்சள், அச்சடித்த பத்திரிகை எல்லாம் ஃப்ரிட்ஜில், மாவுக்குப் பின்னால். வியாழனே வைத்துவிட்டேன். வெள்ளித்தட்டுக்கு எங்கே போக? கேரவனில் இருந்த பிளாஸ்டிக் தட்டு. நான்கு வாழைப்பழம். யமுனா கையில் கொடுத்துவிட்டு நான் மட்டும் உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினேன். மாப்பிள்ளை வீட்டு ஆள் வந்தால் எப்படி உட்கார்வேனோ அப்படி உட்கார்ந்தேன்.

கமலா கதவைத் தட்டினாள்.

சேகர் பனியனோடு டிரைவர் சீட்டில். அசையவில்லை. மறுபடி தட்டினாள்.

"அம்மா, கதவத் தொற," என்றான்.

"எனக்கென்ன? வீட்டுக்காரன் நீ."

கண்ணாடியில் பார்த்தான். வெயிலில் அக்கா, பக்கத்தில் தட்டோடு யமுனா. ஒரு மலாய்க் குடும்பம் ஐஸ்கிரீமோடு நின்று வேடிக்கை பார்க்கிறது. எழுந்தான். கதவுக்குப் போகாமல் பின்னால் போனான். எனக்கு ஒரு நிமிஷம் பயம்தான். முகம் கழுவினான். தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டு, மேல் பட்டன்வரை பூட்டினான். பிறகு கதவைத் திறந்தான்.

"வாக்கா. வாம்மா யமுனா."

கமலா மகள் கையிலிருந்து தட்டை வாங்கி நீட்டினாள். "தம்பி, உன் மருமகளுக்குக் கல்யாணம். நீதான் முன்னால நின்னு நடத்தணும்."

இரண்டு கையாலும் வாங்கினான். கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு வீட்டுக்காரன் மாதிரியே கேட்டான், "பசியாறிட்டீங்களா? என்ன குடிக்கிறீங்க?"

"தே ஓ. சீனி கம்மியா," என்றாள் கமலா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே.

பால் சேர்க்காத அந்தத் தேநீருக்கு அடுப்பைப் பற்றவைத்தான். சீனி எங்கே இருக்கிறதென்று தெரியாமல் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து பார்க்கிறான். நான் சொல்லவில்லை. அவன் வீடு, அவனே தேடட்டும்.