என் மரண அறிவித்தலில் இருந்த பிழைகள்

சாவகச்சேரி
12.05.2025

அன்புள்ள அண்ணைக்கு,

நான் நலமாக இருக்கிறேன். எல்லோரும் எழுதுகிற வரிதான். இந்த முறை நீங்கள் அதை நம்பியே ஆகவேண்டும். நேற்றுப் போன் எடுத்தேன். "இப்ப ஆக்களின்ரை குரலைக்கூடக் கொம்பியூட்டரிலை செய்யிறாங்களாம்" என்று யாருக்கோ சொல்லிவிட்டு அண்ணி வைத்துவிட்டார். என் கையெழுத்தாவது உங்களுக்குத் தெரியும்.

பத்தாம் தரப் பிள்ளைகளுக்குப் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கப் பழக்குகிறேன். நம் சனம் தவறாமல் வாசிப்பது மரண அறிவித்தல்தானே, அதில் ஒன்றைப் பயிற்சியாகத் தயாரித்தேன். வேறு ஆரின் பெயரைப் போட்டாலும் சண்டைக்கு வருவார்கள் என்று என் பெயரையே போட்டேன். வேண்டுமென்றே பிழைகளும் வைத்தேன். மீசாலையில் பிறந்த என்னைத் தெல்லிப்பழையில் பிறக்க வைத்தேன். இறப்பதற்கு முதல்நாளே தகனம். பிள்ளைகள் அரை மணித்தியாலத்தில் பிடித்துவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோன தாளை ஒரு பிள்ளையின் தமக்கை, "பயிற்சி" என்ற தலைப்பை விட்டுவிட்டுப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். அது கைமாறி உங்கள் வரை வந்துவிட்டது. பெரியவர்கள் ஒருவருக்கும் ஒரு பிழையும் தெரியவில்லை.

அம்மாவின் செத்தவீட்டுக்கு நீங்கள் வராததிலிருந்து நாம் கதைப்பதில்லை. ஆனாலும் கேட்கிறேன், எனக்கு ஒரு போன் எடுத்து விசாரித்திருக்கக் கூடாதா?

தம்பி,
கோபிசங்கர்

ஸ்காபரோ
30.05.2025

தம்பி கோபி,

கடிதம் கிடைத்தது. அதற்கு முன்பே ஊரிலிருந்து செபநாயகம் மாஸ்டர் போன் எடுத்து, உன்னைச் சந்தையில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசக் கண்டதாகச் சொல்லிவிட்டார். செத்தவன் பேரம் பேசமாட்டான் என்று நம்பினோம்.

உனக்கு அது பாடம், எங்களுக்கு இழவுத் துடக்கு, நல்ல காரியம் செய்யக் கூடாது. மகள் மதுஷி பெரியபிள்ளையாகி, சாமத்தியவீட்டுக்கு மண்டபம் எடுத்து, எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. எல்லாவற்றையும் நிறுத்தினேன். "நான் சித்தப்பாவைக் கண்டதே இல்லை. நீங்களும் அவரோடை கதைக்கிறேல்லை. பிறகேன் அழுறீங்கள்?" என்று பிள்ளை கேட்டாள். 

விசாரிக்கவில்லையா என்கிறாய். உன் எண் என்னிடம் இருக்கிறது. அழுத்திவிட்டு, மணி அடிக்க முதல் நிறுத்தினேன். யாராவது எடுத்து "ஓம், உண்மைதான்" என்றால் அதற்குப் பிறகு நான் என்ன செய்வது? பயத்திலும் மனிசர் விசாரிக்காமல் விடுவார்கள் என்று உன் பிள்ளைகளுக்குச் சொல்லு.

நீயும்தான் விசாரிக்கவில்லை. அம்மா போனபோது விசா பிரச்சினை என்று சொன்னேன். பொய் என்று ஊர் முழுக்கச் சொன்னாய்.

ஒன்று கேட்கிறேன். அறிவித்தலில் "உதயசங்கரின் பாசமிகு சகோதரர்" என்று ஒரு வரி இருந்தது. அதுவும் நீ வைத்த பிழையா?

அண்ணை

சாவகச்சேரி
14.06.2025

அன்புள்ள அண்ணைக்கு,

இல்லை, அது பிழை இல்லை. எங்கே பிழை வைக்கலாம் என்று வரிவரியாகத் தேடியபோதுகூட அதில் கைவைக்க எனக்குத் தோன்றவில்லை.

அந்த நாளில் உங்களோடு வேலை செய்த கொலின்ஸிடம் இப்போதுதான் கேட்டேன். உங்கள் அகதி வழக்கு அப்போது முடிந்திருக்கவில்லை, நாட்டை விட்டு வெளிக்கிட்டிருந்தால் குடும்பத்திடம் திரும்பியிருக்க முடியாது என்றார். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். மதுஷியிடமும் சொல்லுங்கள், அவளுடைய கொண்டாட்டத்தைக் கெடுத்தது மனதைப் போட்டு அரிக்கிறது.

இன்னொன்றையும் ஒளிக்கக் கூடாது. கோபிகா என்று ஒரு கெட்டிக்காரி வகுப்பில் இருக்கிறாள். நீங்கள் கேட்ட அதே வரிக்கு அவளும் பிழையென்று வட்டம் போட்டிருந்தாள். "சேர் ஒருநாளும் அண்ணையைப் பற்றிக் கதைச்சதில்லை. சேருக்கு அண்ணை இல்லை" என்று வகுப்பு முழுக்கக் கேட்கச் சொன்னாள். நான் அதற்கும் ஒரு புள்ளி போட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை அந்தப் புள்ளியைத் திருப்பி எடுக்கப் போகிறேன். அவள் லேசில் விடமாட்டாள், ஆதாரம் கேட்பாள். உங்கள் கடிதத்தைக் கொண்டுபோகிறேன்.

உங்கள் தம்பி,
கோபி